'நெக்ஸ்ட் டர்ன்' ஏன் நகர மறுக்கிறது: பழைய மடிக்கணினியில் சிவிலைசேஷன் 5

கேள்வியின் சுருக்கம் இது. இன்டெல் கோர் ஐ5-3210எம் செயலி, 4 ஜிபி ரேம், பழைய வகை ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 உள்ள ஒரு மடிக்கணினியில் நண்பர் சிவிலைசேஷன் 5 என்னும், சுற்று முறையில் ஆடும் வியூக விளையாட்டை ஆடுகிறார். இரண்டு விரிவாக்கத் தொகுப்புகளும் அவரிடம் உள்ளன. ஆடுவது மிகப் பெரிய வரைபடத்தில், 12 நாகரிகங்களுடன். முதல் நூறு சுற்றுகள் நன்றாகவே ஓடின. 250ஆவது சுற்றைத் தாண்டிய பிறகு, 'நெக்ஸ்ட் டர்ன்' பொத்தானை அழுத்தினால் ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கிராபிக்ஸ் அமைப்புகள் அனைத்தையும் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 35 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கடையில் கேட்டபோது, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள புதிய கணினிதான் தீர்வு என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, இருப்பதைக் கொண்டே ஏதாவது செய்ய முடியுமா, பாதியில் நிற்கும் ஆட்டத்தைக் காப்பாற்ற வழி உண்டா என்று கேட்கிறார்.

புதிய கணினி வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை நிறைய உள்ளன. கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் கிட்டத்தட்ட தொடர்பே இல்லை. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக் கணினியில் இதே விளையாட்டு இதே போல் திணறியபோது, ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினேன். கடல் அலைகள் அழகாகின, மலைகளின் நிழல்கள் தெளிவாயின, வரைபடம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஆனால் 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்திய பிறகான காத்திருப்பில் ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

வியூக விளையாட்டுகளில் 'மந்தம்' என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்கள். வரைபடத்தை நகர்த்தும்போது படம் விட்டுவிட்டு வருவது ஒன்று. அது காட்சியை வரைவதில் உள்ள சுமை. நம் சுற்றை முடித்துவிட்டு மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பது மற்றொன்று. அது கணிப்பதில் உள்ள சுமை. முதலாவதற்குக் கிராபிக்ஸ் சில்லும் அதன் அமைப்புகளும் பொறுப்பு, இரண்டாவதற்குச் செயலியும் ஆட்டத்தின் அளவும் பொறுப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு விளையாட்டைத் தயாரித்தவர்களே சாட்சி. 2016இல் வந்த சிவிலைசேஷன் 6இல் இரண்டு தனித்தனிச் சோதனைகள் உள்ளன. கிராபிக்ஸ் சோதனை காட்சியின் வேகத்தை அளக்கிறது, கணினி ஆடும் எதிராளிகளுக்கான ஏ.ஐ. சோதனை ஒரு சுற்று முடிய எத்தனை விநாடி ஆகிறது என்பதை அளக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது நோய். நீங்கள் உட்கொண்டதோ முதல் நோய்க்கான மருந்து.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். இப்போதைய ஆட்டத்தைத் தனிப் பெயரில் சேமித்து, விளையாட்டிலிருந்து முழுவதும் வெளியேறி, மீண்டும் திறந்து, அந்தச் சேமிப்பை ஏற்றி, எதையும் தொடாமல் 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்திக் கைபேசியின் ஸ்டாப்வாட்சில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை இப்படிச் செய்து சராசரி எடுங்கள். இனி எந்த மாற்றம் செய்தாலும் இதே சேமிப்பில் இதே அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். இது இல்லாவிட்டால், மனம் செய்த மாற்றத்தை நியாயப்படுத்தப் பார்க்கும். 'கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது' என்ற உணர்வைத் தவிர வேறெதுவும் கையில் நிற்காது.

அடுத்து அந்த 35 சதவீதம். பலரையும் ஏமாற்றுகிற எண் இதுதான். உங்கள் செயலியில் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை, அதாவது இரண்டு வேலைத் தொடர்களைக் கையாள்வதால் விண்டோஸ் அதை நான்காக எண்ணுகிறது. விளையாட்டின் முக்கியக் கணக்கு ஒரே இழையில் ஓடுகிறது என்றால், அந்த இழை மூச்சுமுட்ட உழைத்தாலும் மொத்தத்தில் அது நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம்தான். மீதி 10 சதவீதம் ஒலி, காட்சி, விண்டோஸின் சில்லறை வேலைகள். டாஸ்க் மேனேஜரின் வரைபடத்தில் வலது கிளிக் செய்து நான்கையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னாலும் ஒன்று மட்டும் உச்சியில் நிற்பது பெரும்பாலும் தெரியாது. விண்டோஸ் அந்த வேலையை நொடிக்குப் பலமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் நான்குமே பாதி வேலை செய்வதுபோல் தோன்றும். 35 சதவீதம் என்பது செயலி ஓய்வாக இருப்பதற்கான அடையாளமல்ல. அது செய்யக்கூடிய ஒரே வேலையை முழு வேகத்தில் செய்துகொண்டிருக்கிறது.

நான்கு பேரிடமும் வேலையைப் பிரித்துக் கொடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். தாயக்கட்டம் ஆடியவர்களுக்கு விடை தெரியும். நான்கு பேர் ஆடும்போது, எதிரே இருப்பவர் காயை எங்கே வைக்கிறார் என்று பார்த்த பிறகுதான் நம் காயை எங்கே நகர்த்துவது என்று முடிவு செய்ய முடியும்; நால்வரும் ஒரே நேரத்தில் கட்டையை உருட்டினால் ஆட்ட நேரம் மிச்சமாகாது, சண்டைதான் மிஞ்சும். சிவிலைசேஷன் 5இலும் கணினி ஆடும் நாகரிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆடுகின்றன. ஒன்றின் படை நின்ற இடம் அடுத்ததன் முடிவை மாற்றுகிறது. அந்த வரிசையை உடைக்க முடியாத வரையில் கோர்களின் எண்ணிக்கை பெரிதாக உதவாது. ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

வரிசையில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மிகப் பெரிய வரைபடத்தில் இயல்பான அமைப்பு 12 நாகரிகங்கள், கணினியே ஆடும் ஒற்றை நகர நாடுகளான 24 நகர அரசுகள். நகர அரசுகளைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். ஆனால் அவையும் தம் சுற்றில் தம் படைகளை நகர்த்துகின்றன, தம் நகரில் எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கின்றன. காட்டுமிராண்டிகளையும் சேர்த்தால் 37 பேர். நீங்கள் ஆடி முடித்த பிறகு மற்ற 36 பேருக்காகக் காத்திருக்கிறீர்கள். நடுத்தர வரைபடத்தில் 8 நாகரிகங்கள், 16 நகர அரசுகள், காட்டுமிராண்டிகளோடு 25 பேர். சிறிய வரைபடத்தில் 19 பேர்.

ஆட்டம் வளர வளர மந்தம் கூடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிவிலைசேஷன் 5, 2010இல் வந்தபோது, அதுவரை இருந்த ஒரு வழக்கத்தை மாற்றியது. முந்தைய பதிப்பில் ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஐந்தாம் பதிப்பில் ஓர் அறுகோணக் கட்டத்தில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு போர்ப் படைகள் நிற்க முடியாது. ஆடுபவருக்கு இது அருமையான மாற்றம். செயலிக்கோ தலைவலி. பத்துப் படைகளை ஓர் அடுக்காக நகர்த்தினால் ஒரு வழி கண்டுபிடித்தால் போதும். பத்தும் தனித்தனியாக நகர்ந்தால் பத்து வழிகள் வேண்டும், அவை ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும்போது மறுபடியும் தேட வேண்டும். இப்படி வழி தேடுவதற்கு விளையாட்டுகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஏ-ஸ்டார் என்னும் முறை 1968இல் வெளியிடப்பட்டது; இந்த விளையாட்டும் அதைத்தான் நம்பியிருக்கிறது. அது நல்ல முறைதான். ஆனால் தேட வேண்டிய பரப்பு பெரிதானால் அதன் உழைப்பும் பெருகும். நடுத்தர வரைபடம் 80க்கு 52, அதாவது 4,160 கட்டங்கள். மிகப் பெரியது 128க்கு 80, அதாவது 10,240 கட்டங்கள். பரப்பு இரண்டரை மடங்கு, ஆடுபவர்கள் ஒன்றரை மடங்கு, 250ஆவது சுற்றில் எல்லோரிடமும் இருக்கும் படைகளோ தொடக்கத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு.

காரணம் புரிந்துவிட்டதால் இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் செலவே இல்லாத ஒன்று: உங்கள் செயலி தன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐ5-3210எம் செயலியின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 3.1 வரை தானே ஏறிக்கொள்ளும். 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்திவிட்டு ஆல்ட், டேப் விசைகளால் வெளியே வந்து டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் வேகம் என்ன என்று பாருங்கள். 2.9க்கு மேல் இருந்தால் நல்லது. 1.2, 1.5 என்று காட்டினால் உங்களுடைய ஒன்றரை நிமிடத்தில் பாதியைத் திருடுபவர் யாரென்று தெரிந்துவிட்டது.

வேகம் இறங்குவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். விண்டோஸின் மின் திட்டம் சேமிப்பு நிலையில் இருக்கலாம். அதை உயர் செயல்திறனுக்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை. இரண்டாவது, சார்ஜர். சில மடிக்கணினிகள் தம்மோடு வந்த சார்ஜரை அடையாளம் கண்டுகொள்ளும். அது பழுதாகி மலிவான மாற்று ஒன்றைச் செருகினாலோ, குறைந்த வாட் கொண்டதைச் செருகினாலோ, பாதுகாப்புக்காகச் செயலியை மிகக் குறைந்த வேகத்திலேயே வைத்திருக்கும். பேட்டரி செத்துப்போனதால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களுக்கும் சில கணினிகளில் இதே கதி நேரும்.

மூன்றாவது வெப்பம். பத்து வயதைத் தாண்டிய மடிக்கணினியில் இதற்குத்தான் நான் முதல் சந்தேகம் கொள்வேன். செயலி சூடேறித் தன் எல்லையைத் தொட்டால், கருகிப்போகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் நின்றுகொண்டு வேகம் ஏறி இறங்கினால் சந்தேகமே இல்லை. சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, மெத்தைமேல் வைத்து ஆடினால் நன்றாக உள்ள கணினிகூட இந்த நிலைக்குப் போய்விடும்.

என் பழைய மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். விசிறி சுத்தமாகத்தான் இருந்தது. அது ஊதும் காற்று வெளியேறும் வழியில், நெருக்கமாக அடுக்கிய செப்புத் தகடுகளுக்கு முன்னால், கம்பளித் துண்டு போல ஒரு தூசிப் பட்டை படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் ஒரே துண்டாக வந்தது, சுண்டுவிரல் தடிமனில். விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டுதான் இருந்தது; காற்றுக்கு வழி இல்லை, அவ்வளவே. வெளியிலிருந்து ஊதியிருந்தால் அந்தப் பட்டை உள்ளே தள்ளப்பட்டிருக்குமே தவிர வெளியே வந்திருக்காது. செயலிக்கும் வெப்பக் குழாய்க்கும் இடையில் வெப்பத்தைக் கடத்துவதற்காக இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. இரண்டையும் சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்து மூடிய பின், 78 விநாடி எடுத்த அதே சேமிப்பு 51 விநாடியில் முடிந்தது. பேஸ்ட்டுக்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட இல்லை. திறந்து பழக்கமில்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், ஆனால் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லி வலியுறுத்துங்கள். ஊதிவிட்டு மூடிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

செய்ய வேண்டியவற்றில் இரண்டாவது, நினைவகம், அதாவது ரேம். 4 ஜிபியில் விண்டோஸ் 10உம், விளையாட்டை வாங்கி இயக்க உதவும் ஸ்டீம் என்ற மென்பொருளும் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கின்றன. பெரிய வரைபடத்தின் பிற்பகுதியில் விளையாட்டு மீதியையும் தாண்டிக் கேட்கிறது. அப்போது விண்டோஸ் உடனடியாகத் தேவைப்படாதவற்றை ஹார்டு டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. சுழலும் தட்டில் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடி எடுப்பது ரேமிலிருந்து எடுப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது. இது நடக்கிறதா என்று அறிய, காத்திருக்கும் நேரத்தில் ஹார்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதம் என்று காட்டினால், உங்கள் காத்திருப்பின் ஒரு பகுதி செயலியால் வந்ததல்ல.

இதற்கு 4 ஜிபி துண்டு ஒன்றை இரண்டாவது செருகுவாயில் சேர்த்து 8 ஜிபி ஆக்குவதே தீர்வு. பழைய டிடிஆர்3 துண்டுகள் இப்போது புதிதாகக் கிடைப்பது குறைவு; சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையவை மலிவாகக் கிடைக்கும். உங்கள் தலைமுறைக் கணினிகள் பெரும்பாலும் 1.5 வோல்ட் வகையை ஏற்கும். 1.35 வோல்ட்டிலும் ஓடும் டிடிஆர்3எல் வகை பொதுவாக இரண்டிலும் வேலை செய்யும் என்பதால் அதையே கேட்டு வாங்குவது பாதுகாப்பு. 8 ஜிபிக்கு மேல் இந்த விளையாட்டுக்காகச் செலவழிக்காதீர்கள். சிவிலைசேஷன் 5 ஒரு 32 பிட் நிரல். 4 ஜிபிக்கு மேல் அதனால் முகவரியிடவே முடியாது. இரண்டு துண்டுகளாகப் போடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் சில் இல்லாத கணினியில் காட்சிக்கும் இதே ரேம்தான் பயன்படுகிறது. 1600 வேகத் துண்டு ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 12.8 ஜிபி போய்வர முடியும், இரண்டு சேர்ந்தால் 25.6. ஆக, ரேம் ஒன்று மட்டும்தான் நான் சொன்ன இரண்டு நோய்களுக்கும் ஓரளவு மருந்தாகிறது.

ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் எதற்காக என்று தெரிந்து போடுங்கள். விண்டோஸ் எழுவதும், விளையாட்டு திறப்பதும், சேமிப்பு ஏறுவதும் வெகுவாக விரைவாகும். ரேம் பற்றாமல் வட்டுக்குப் போகும்போது ஏற்படும் இழுபறியும் குறையும். ஆனால் 8 ஜிபி ரேம் போட்ட பிறகு, 36 பேர் யோசித்து ஆடும் நேரத்தில் அது ஒரு விநாடியும் மிச்சப்படுத்தாது. கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் ரேமை வாங்குங்கள்.

ரேம் வாங்கும்வரை, ஆடும் நேரத்தில் பிரவுசரை மூடிவிடுங்கள். விளையாட்டின் மேல் ஸ்டீம் காட்டும் ஓவர்லே என்ற திரையை நிறுத்துங்கள். அதன் லைப்ரரி அமைப்பில் குறைந்த செயல்திறன் முறை என்று ஒன்று உண்டு, அதை இயக்குங்கள். விண்டோஸ் 7க்குத் திரும்பினால் இலகுவாக இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் அதை ஆதரிப்பதில்லை, ஆகவே அந்தக் கதவு மூடிவிட்டது. 'கேம் பூஸ்டர்' என்ற பெயரில் கிடைப்பவற்றை நிறுவ வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் நீங்களே மூடக்கூடியவற்றை மூடிவிட்டு, தாம் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை.

கிராபிக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொல்லை அது இல்லை என்றாலும். ஐ5-3210எம் உடன் வரும் இன்டெல் எச்டி 4000இல் நிழல், நீர், மூடுபனி ஆகியவற்றின் தரத்தைக் குறைத்து, விளிம்பு மென்மையாக்கத்தை நிறுத்தினால் வரைபடம் தாராளமாக நகரும். தலைவர்கள் தோன்றும் காட்சிகளின் தரத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால், காந்தியோ பிஸ்மார்க்கோ பேச வரும்போதெல்லாம் கணினி மூச்சுத் திணறாது. விளையாட்டைத் தொடங்கும்போது, காட்சியை வரைய உதவும் விண்டோஸ் மென்பொருளின் எந்தப் பதிப்பு வேண்டும், டைரக்ட்எக்ஸ் 9ஆ, டைரக்ட்எக்ஸ் 11ஆ என்று கேட்கும். பழைய கணினிக்குப் பழையதே நல்லது என்று நினைத்து முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் பதினொன்றில், வரைவதற்கான கட்டளைகளைத் தயாரிக்கும் வேலையைப் பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு. அந்த வசதியைப் பயன்படுத்திய முதல் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. இரண்டிலும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் மடிக்கணினியில் என்விடியாவின் தனி கிராபிக்ஸ் சில்லும் கூடுதலாக இருந்தால், விளையாட்டு தவறுதலாக இன்டெல் சில்லில் ஓடுகிறதா என்று விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் பார்த்துவிடுங்கள்.

இனி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும்போது. உண்மையில் எல்லாவற்றிலும் பெரிய பலன் இங்கேதான் இருக்கிறது. வன்பொருளில் எதை மாற்றினாலும் இதற்கு ஈடாகாது. நடுத்தர வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேம்பட்ட அமைப்பில் நகர அரசுகளை 16இலிருந்து 8 அல்லது 10 ஆக்குங்கள். காட்டுமிராண்டிகள் ஆவேசமாக வரும் தெரிவை இயக்க வேண்டாம். துரிதப் போர், துரித நகர்வு இரண்டையும் இயக்கிவிடுங்கள். இவை இல்லாவிட்டால், உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு படையும் நடந்து போவதையும் வாள் சுழற்றுவதையும் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அந்த நேரமெல்லாம் காத்திருப்போடு சேரும்.

பெரிய வரைபடத்தின் பிரம்மாண்டத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஒரு சமரசம் உண்டு. பெரிய வரைபடத்தை வைத்துக்கொண்டு நாகரிகங்களைக் குறைப்பது வேண்டாம். காலி நிலம் கிடந்தால் மீதிப் பேர் அதிக நகரங்களைக் கட்டிக்கொண்டு சுமையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஆட்டத்தின் வேகத்தை மாற்றுங்கள். இயல்பு வேகத்தில் ஆட்டம் 500 சுற்றுகள், துரித வேகத்தில் 330, மராத்தானில் 1,500. ஒரு சுற்றின் காத்திருப்பு அப்படியே இருந்தாலும் சுற்றுகள் குறைவதால் மொத்தக் காத்திருப்பு குறையும். பழைய கணினியில் மராத்தான் ஆடுவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். மாட் என்று சொல்லப்படும் ரசிகர் ஆக்கங்களில் கணினியின் சூழ்ச்சித் திறனைக் கூட்டுபவை அருமையானவைதான். அதிகம் யோசிக்கும் எதிராளி அதிக நேரம் எடுத்துக்கொள்வார் என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உடனுக்குடன் ஆடும் வியூக விளையாட்டுகளில் கணக்கு ஒன்றுதான், வலி வேறு இடத்தில். 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2இல் எட்டுப் பேர் தலா 200 மக்கள்தொகையோடு ஆடினால் 1,600 உருவங்கள் ஒரே நேரத்தில் வழி தேடுகின்றன. அங்கே சுற்று என்பது இல்லாததால் மொத்த ஆட்டமும் தேனில் விழுந்த ஈயைப் போல நகரும். வலைப்பின்னலில் ஆடும்போது எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கை ஒரே அடியில் செய்தாக வேண்டும் என்பதால், ஒருவருடைய பழைய கணினி மற்ற ஏழு பேரையும் தன்னோடு இழுத்துவிடும். நண்பர்கள் ஏசுவதற்கு முன் மக்கள்தொகை உச்சவரம்பை 100 ஆக்கிவிடுவது நல்லது.

புதிய கணினி பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன அனைத்தும் செய்த பிறகும் போதவில்லை என்றால் வாங்குங்கள், தவறில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் அதற்கு வேறு நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்த வகை விளையாட்டுக்காகவே வாங்குவதானால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி' என்பதல்ல, 'எத்தனை கோர்' என்பதும் அல்ல. செயலியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் ஒற்றைக் கோர் வேகம் உங்களுடையதைவிட எவ்வளவு அதிகம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பீட்டுப் பட்டியல்களில் ஒற்றை இழை மதிப்பெண் என்று தனியாகவே தருகிறார்கள். விளம்பரப் பலகையில் அந்த எண் ஒருபோதும் இருக்காது.

கடைசியாக, பாதியில் நிற்கும் அந்த ஆட்டம். வரைபடத்தின் அளவையோ நாகரிகங்களின் எண்ணிக்கையையோ நடுவில் மாற்ற முடியாது. 250 சுற்றுகள் மீதியிருக்கின்றன. சுற்றுக்கு 90 விநாடி என்றால் ஆறேகால் மணி நேரம் வெறும் காத்திருப்பு. அதைக் குறைக்கச் சில தந்திரங்கள் உண்டு. துரிதப் போரையும் துரித நகர்வையும் விளையாட்டு அமைப்பில் இப்போதும் இயக்கலாம். தானியங்கி நிலையில் விட்டிருக்கும் வேலையாட்களைக் கணக்கெடுங்கள்; ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றிலும் வேலை தேடி வழி பார்க்கிறார்கள். இரும்புப் பாதை வரை போட்டு முடித்தாயிற்று என்றால் நான்கைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கலைத்துவிடுங்கள், பராமரிப்புத் தங்கமும் மிச்சமாகும். சுற்றை முடிக்கும்முன் எஃப்10 விசையை அழுத்தி வியூகப் பார்வைக்கு மாறுங்கள். முப்பரிமாணக் காட்சி மறைந்து தட்டையான வரைபடம் வரும். அதற்கும் மேலே, பார்வையை யாரும் இல்லாத நடுக்கடலுக்கு நகர்த்திவிட்டு 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்துங்கள். திரையில் இல்லாத படைகளின் அசைவை வரையும் வேலை மிச்சமாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சேமித்து, வெளியேறி, மீண்டும் திறங்கள்.

இன்னொன்று, வியூகம் சார்ந்தது. பக்கத்து நாட்டோடு போர் நடந்துகொண்டிருந்தால் அதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். வீழ்ந்த நாகரிகம் வரிசையில் நிற்பதில்லை. அதன் படைகளுக்கு யாரும் வழி தேட வேண்டியதில்லை. 12இல் மூன்று பேரை வீழ்த்திய பின் அதே ஸ்டாப்வாட்சை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.